தீவுக் காணியில 200 அடி தோண்டலாமோ?

கேள்வி: வாசகர் ஒருவர், ரொறன்ரோ
2024 ஜூலை 28

யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில அம்மாவின்ர சீதனக் காணி ஆறு பரப்பு (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்) கிடக்கு. பக்கத்தில வயலும் கொஞ்சம். வேலையில இருந்து ஓய்வெடுத்த பிறகு வந்து தோட்டம் செய்யிற யோசினை. மழை இப்ப முந்தின மாதிரி இல்லை, கிணறு வைகாசியிலேயே உவராப் போகுது எண்டு சொந்தக்காரர் சொல்லுகினம். 200 அடியில குழாய்க்கிணறு அடிச்சு, சோலர் பம்ப் பூட்டி, சொட்டுநீர் விட்டால் இந்தக் காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கலாம்தானே? செய்து பாத்தவை ஆராவது சொல்லுங்கோ.

2024 ஜூலை 29

பதில்: வேலணையில இருந்து ஒரு கமக்காரர்

குழாய்க்கிணறு அடியாதேங்கோ. அடிக்கிறவனுக்குக் காசு, உங்களுக்குக் கடல்.

எங்கட தீவுகளில ஆறு இல்லை. ஆழத்தில ஒளிச்சு வைச்ச நல்ல தண்ணியும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யிற மழைதான் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கி, அங்க ஏற்கெனவே நிக்கிற கடல் தண்ணிக்கு மேல தங்குது, தண்ணியில நல்லெண்ணெய் மிதக்கிற மாதிரி. கடல் தண்ணி நல்ல தண்ணியை விட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் பாரம் கூட. அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு எல்லாம் இவ்வளவு காலம் சீவிச்சது. தீவின்ர நடுவில அந்த நல்ல தண்ணிப் படை தடிப்பு, கரைப்பக்கம் வர வர மெலிவு. 200 அடி போனால் படையைத் துளைச்சுக்கொண்டு நேரே உப்புக்குள்ள இறங்குறியள்.

நான் வேலணை. கிணத்துத் தோட்டமும் மானாவாரி வயலும் செய்யிறன். விஞ்ஞானி இல்லை.

2024 ஜூலை 29, இரவு

தனிமடலில ஒருத்தர் கணக்குக் கேட்டிருக்கிறார். இதுக்குக் கணக்கு நூறு வருசத்துக்கு முதலே ஐரோப்பாக் கரையோரத் தீவுகளில கிணறு பாத்த ஆக்கள் போட்டு வைச்சது. நிலத்தடி நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேல ஒரு மீற்றர் நிண்டால், கடல் மட்டத்துக்குக் கீழ 40 மீற்றருக்கு நல்ல தண்ணி இருக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆடி ஆவணியில எங்கட கிணத்துத் தண்ணி கடல் மட்டத்துக்கு மேல எவ்வளவு நிக்குது? கரைப்பக்கக் காணியில ஒரு சாண் நிண்டால் புண்ணியம். ஒரு சாணுக்கு ஒன்பது மீற்றர், அதுவும் கடதாசியில. கீழ நல்லதும் உப்பும் கலந்து நிக்கிற பகுதியைக் கழிச்சால் இன்னும் குறையும்.

இதே கணக்கை மறுவளமாப் பாருங்கோ. பம்ப் போட்டு இழுத்து மட்டத்தை ஒரு அங்குலம் இறக்கினால், அடியில இருந்து உப்பு 40 அங்குலம் ஏறப் பாக்கும். மேல இறங்கினது ஒருத்தற்ற கண்ணுக்கும் தெரியாது. வாயில வைச்சால் தெரியும்.

2024 ஓகஸ்ட் 3

சோலர் பம்பைப் பற்றி.

அப்பு காலத்தில துலா, எண்டால் ஏற்றம். ஒருத்தர் துலாவில ஏறி மிதிக்க, ஒருத்தர் பட்டை பிடிச்சு இறைக்க, இன்னொருத்தர் வாய்க்கால் மாறிக் கட்ட வேணும். விடியக் காலமை தொடங்கினால் வெயில் ஏறக் களைச்சுப் போவினம். மனிசன் களைக்கக் கிணறும் இளைப்பாறும். பேந்து மண்ணெண்ணெய் மிசின் வந்தது. மிசின் களைக்காது, ஆனால் எண்ணெய் குடிக்கும், எண்ணெய்க்குக் காசு வேணும். 2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் ஒரே இரவில லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்குப் போனது ஞாபகம் இருக்கோ? தோட்டக்காரர் எல்லாரும் தலையில கை வைச்சம். ஆனால் அதுக்கு அடுத்த கோடையில எங்கட ஒழுங்கையில கிணறுகள் வழமையை விடப் பிந்தித்தான் சவராகி உப்புக் கரிச்சது. ஒருத்தரும் இதை ஆராய்ச்சி செய்யேல்லை, ஆனால் நாலைஞ்சு பேர் தனித்தனியா இதையேதான் சொன்னவை.

சோலருக்கு எண்ணெயும் வேண்டாம், களைப்பும் இல்லை. வெயில் எறிக்கிற மட்டும் இறைக்கும். அதிலயும் வெயில் கூடின, கிணறு ஆக வத்தின மாதங்களிலதான் ஆக நல்லா இறைக்கும். அதுதான் எனக்குப் பயம். வேண்டாம் எண்டு சொல்லேல்லை. சின்னப் பம்ப் பூட்டி, உயரத்தில ஒரு தாங்கி வைச்சு, தாங்கி நிரம்பினால் தானா நிக்கிற மாதிரிச் செய்யுங்கோ. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா எண்டு கிணறு ஊற விட்டு எடுக்க வேணும். மானியத்தில பெரிய பம்ப் தருகினம் எண்டு வாங்கிப் பூட்டினவையின்ர கிணத்தை மாசியில ஒருக்கா, ஆனியில ஒருக்கா நக்கிப் பாருங்கோ.

2024 ஓகஸ்ட் 4

"நக்கிப் பாக்கிறதோ?" எண்டு ஒரு தங்கச்சி சிரிக்கிறா. ஓம் பிள்ளை. மீற்றரும் வைச்சிருக்கிறன், அதைப் பேந்து சொல்லுறன்.

2024 ஓகஸ்ட் 15

இந்த மாதத் தொடக்கத்தில தாளையடியில கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்கிற நிலையம் திறந்தவை. நாளுக்கு 24,000 கன மீற்றர். உடன இஞ்ச மூண்டு பேர், "இனி என்ன, குழாயில தண்ணி வரும், தோட்டத்துக்கும் விடலாம்" எண்டு எழுதியிருக்கினம்.

ஒரு கணக்குப் போடுவம். கோடையில வெங்காயத்துக்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணி வேணும் எண்டு வைச்சால், ஒரு ஏக்கருக்கு 20 கன மீற்றர். தாளையடியில வாற அவ்வளவையும் தோட்டத்துக்கு விட்டால் 1,200 ஏக்கர் நனையும், யாழ்ப்பாணத்திலயும் கிளிநொச்சியிலயும் ஒருத்தரும் தண்ணி குடிக்கேலாது. அது குடிக்கிற தண்ணி. உப்பைப் பிரிக்கப் போன மின்சாரக் காசைக் கணக்குப் பாத்தால் வெங்காயத்தைத் தங்க விலைக்குத்தான் விக்க வேணும்.

அந்தத் தண்ணியால கமக்காரனுக்கு வேற ஒரு நன்மை வரலாம். வீட்டுக்குக் குழாய்த் தண்ணி வந்தால் வீட்டுக் கிணறுகள் இளைப்பாறும். நல்ல தண்ணிக் கிணறு தேடிக் குடத்தோட அலைஞ்சு வளந்த எங்களுக்கு அது சின்ன விசயம் இல்லை. நெடுந்தீவில சாராப்பிட்டிக் கிணறுகளை நம்பி எத்தினை தலைமுறை கிடந்தது.

2024 செப்டெம்பர் 8

நெல்லுக்கு என்ன செய்யலாம் எண்டு வயல்காரர் கேட்டதுக்கு வாறன்.

இஞ்ச நெல்லு முழுக்க மானாவாரி. ஆவணி, புரட்டாசியில புழுதியா உழுது, காய்ஞ்ச மண்ணிலயே விதைச்சுப்போட்டு மழையைப் பாத்துக்கொண்டு இருக்கிறது. மழை சொன்ன நேரத்துக்கு வந்த காலத்தில அதை மாதிரி நல்ல முறை இல்லை. இப்ப புரட்டாசியில ஒரு மழை ஆசை காட்டிப்போட்டுப் போகும். விதை முளைக்கும். பேந்து மூண்டு கிழமைக்கு வானம் வெளிச்சு வெயில் எறிக்கும். முளைச்சது காயும். திருப்பி விதைக்க வேணும், விதைநெல்லு இருந்தால். அதுக்குப் பிறகு வாற மழை எல்லாத்தையும் சேத்து ரெண்டு நாளில கொட்டும். வருச மொத்தத்தைப் பாத்தால் மழை குறையேல்லை எண்டு படிச்சவை சொல்லுவினம். மொத்தம் ஆருக்கு வேணும்? பயிர் மொத்தத்தைக் குடிக்கிறேல்லை.

நான் இப்ப செய்யிறது இது. எல்லாத்தையும் ஒரே கிழமையில விதைக்கிறேல்லை. பாதியைப் புழுதியில விதைக்கிறன், மிச்சத்தை மழை உறைச்ச பிறகு. இனமும் ரெண்டு. பள்ளக் காணியில மொட்டைக்கறுப்பன். உயரமா வளரும், தண்ணிக்குள்ள தலையை வெளியில வைச்சுக்கொண்டு நிக்கும், ஆனால் வயசு கூட, தை வரைக்கும் ஈரம் வேணும். கரைப்பக்கம் உவர் ஏறின துண்டுக்கு அம்பலாந்தோட்டையில உருவாக்கின ஏ.ரி. 354. உப்பைத் தாங்குற இனம், மூண்டரை மாதம். அதே உப்புக்கு ஏ.ரி. 401உம் இருக்கு, நாலு மாதம். ஒண்டு தப்பினால் ஒண்டு தப்பாது, ரெண்டும் ஒரேயடியா அழியிறது குறைவு. விளைச்சல் எண்டு பாத்தால் ஒரே இனத்தைப் போட்டு அடிச்ச வருசங்களில கூட வந்தது. அந்த வருசங்கள் இப்ப அடிக்கடி வாறேல்லை.

உப்புத் துண்டைப் பற்றி இன்னொண்டு. முதல் மழைத் தண்ணியை வரம்பு கட்டி மறிச்சு, ரெண்டு மூண்டு நாள் நிக்க விட்டு, உழக்கி, அந்தத் தண்ணியை வெட்டி வெளியில விடுங்கோ. கோடையில மேல பூத்த உப்பு அதோட போகும். அடுத்த மழையில விதை. பழைய ஆக்கள் இதைத்தான் செய்தவை. இப்ப முதல் மழையோட அவசரப்பட்டு விதைக்கிறம், ஏனெண்டால் ரெண்டாவது மழை வருமோ எண்டு நம்பிக்கை இல்லை. அந்த அவசரம் நியாயம்தான், நானும் அவசரப்படுறனான்.

2024 செப்டெம்பர் 9

ஜிப்சம் போட்டால் உவர் போகும் எண்டு கீழ ஒருத்தர் எழுதினதை அப்பிடியே நம்பிக் கடைக்குப் போகாதேங்கோ. மண்ணில சோடியம் ஒட்டி, மழைக்குக் களியாகிக் கோடைக்குக் கல்லாகிற நிலத்துக்குத்தான் ஜிப்சம் உதவி. வெறும் உப்புக் கூடின நிலத்துக்கு மருந்து நல்ல தண்ணியால கழுவிறது ஒண்டுதான். கழுவ வாய்க்கால் வேணும், வாய்க்கால் போக இடம் வேணும். கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரிட்ட மண்ணைக் குடுத்துச் சோதிச்சுப்போட்டுச் செலவழியுங்கோ. ஜிப்சம் குடுக்கிறது கல்சியம். எங்கட மண்ணுக்கு அது பஞ்சமில்லை, கிண்டினால் சுண்ணாம்புக் கல்லுத்தான்.

2024 ஒக்டோபர் 13

மீற்றர் கதை.

பேனை மாதிரி ஒரு மின்கடத்துதிறன் மீற்றர், யாழ்ப்பாணத்தில வாங்கலாம். சிரட்டையில கிணத்துத் தண்ணி எடுத்து முனையை விட்டால் எண் காட்டும், உப்புக் கூடினால் எண்ணும் கூடும். மிசின் கொட்டிலின்ர கதவு உள்பக்கத்தில கரித்துண்டால எழுதிக்கொண்டு வாறன். மாசியில 1க்குக் கீழ நிக்கும். சித்திரையில ஒண்டரை. ஆடி, சோழகக் காற்று அடிக்கிற நேரம், 3ஐத் தாண்டும். ஒரு வருசம் ஆவணிக் கோடு ஒண்டைக் காணேல்லை, பேரன் அந்தக் கரித்துண்டால யானை கீறி வைச்சிருந்தான்.

பயிர் குறையாமல் தாங்கக்கூடிய தண்ணி அளவு, ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின்ர அட்டவணையில இருக்கிறது: போஞ்சி 0.7, வெங்காயம் 0.8, மிளகாய் 1, தக்காளி 1.7, நெல்லு 2, பீற்றூட் 2.7, பயத்தங்காய்க் குடும்பத்துக் கவுப்பி 3.3. எல்லாம் மீற்றருக்கு டெசிசீமன்ஸ். என்ர கதவையும் இந்த வரிசையையும் பக்கத்தில வைச்சுப் பாத்தால் என்ன விளங்குது? நாங்கள் காசுக்கு நம்பியிருக்கிற வெங்காயமும் மிளகாயும் உப்புக்கு ஆக நோஞ்சான்கள். உப்பைத் தாங்கிறதுக்குச் சந்தையில விலை இல்லை. பீற்றூட்டுக்கு ஓரளவு விலை இருக்கு. கவுப்பி அவிச்சுத் தின்னலாம்.

அதால வெங்காயத்தைக் கைவிடேல்லை, நேரத்தை முன்னுக்குத் தள்ளினன். மார்கழிக் கடைசியிலேயே நடத் தொடங்கி, மாசி பங்குனிக்குள்ள, கிணறு நல்லா இருக்கேக்கையே கிண்டி எடுக்கிறது. மழை பிந்தினால் இதுவும் ஆட்டம் காணும், தெரியும். சித்திரைக்குப் பிறகு தோட்டத்தில பாதியைச் சும்மா விடுறன். அயலுக்கு நான் பஞ்சி பிடிச்சவன் மாதிரித் தெரியும்.

சொட்டுநீரைப் பற்றி முதல் ஒண்டும் சொல்லேல்லை. தண்ணி மிச்சம் பிடிக்கும், உண்மை. ஆனால் உவர்த் தண்ணியைச் சொட்டாய் விட்டால், நனைஞ்ச வட்டத்தின்ர விளிம்பில உப்பு வெள்ளையா வளையம் கட்டும். மாரி மழை கழுவும் வரைக்கும் அது அங்கதான். நடுவில ஒரு சின்ன மழை தூறினால் அந்த உப்பு வேரடிக்கு ஓடும். அதால தூறல் விழுந்தாலும் சொட்டை நிப்பாட்டாமல் விட வேணும். மழைக்குள்ள நிண்டு பயிருக்குத் தண்ணி விடுறவனைப் பாத்து ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

2024 ஒக்டோபர் 14

ஒழுங்கையால போற மாடுகளைப் பற்றிச் சொல்ல விட்டுட்டன். கட்டாக்காலி மாட்டுக்குக் காலநிலை எல்லாம் ஒண்டுதான், வேலியில ஓட்டை இருந்தால் சரி. உப்பைத் தாங்கிற நெல்லுக் கண்டுபிடிச்சவை மாட்டைத் தாங்கிற நெல்லு ஒண்டும் தந்தால் நல்லது.

2024 நவம்பர் 27

போனில இருந்து. மூண்டாம் நாளா மழை. குடாநாடு முழுக்க வெள்ளம். கரண்ட் வந்து வந்து போகுது. வரம்பு தெரியேல்லை. ஆர் ஆற்ற வயல் எண்டு தெரியேல்லை.

2024 டிசம்பர் 2

தாழமுக்கம் பேந்து பெங்கல் புயல் எண்டு பேரெடுத்து புதுச்சேரிப் பக்கம் கரை ஏறிட்டுது. இஞ்ச பெய்த மழைக்குப் பேர் வைக்க முதலே வயல் முடிஞ்சுது. 2008 நவம்பர் நிஷாவையும் 2020 டிசம்பர் புரெவியையும் பாத்தவைக்கு இது புதுசில்லை. ஆனால் முந்தி பன்னிரண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்தது இப்ப நாலு வருசத்தில திருப்பி வாசலில நிக்குது. இதை வைச்சு விதி எழுதேலாது, எழுதவும் இல்லை.

வெள்ளத்தில எனக்கு விளங்கின விசயம் வேற. ஏன் தண்ணி வடியேல்லை? கடலுக்குப் போற மதகடியில போய் நிண்டு பாத்தன். கடல் பக்கத்துத் தண்ணியும் வயல் பக்கத்துத் தண்ணியும் ஏறக்குறைய ஒரே மட்டம். கதவைத் திறந்தால் எந்தப் பக்கம் ஓடும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வங்காள விரிகுடாவின்ர இந்தக் கரையில கடல் மட்டம் வருசத்தில ஆகக் கூட நிக்கிறதே காத்திகை, மார்கழியிலதான், வாடைக்காற்று தள்ளிக்கொண்டு வந்து. மழையும் அப்பத்தான். எங்களுக்குக் கோடையில இல்லாத தண்ணியும் மாரியில போகாத தண்ணியும் ரெண்டும் கடலாலதான்.

உலகக் கடல் மட்டம் 2006 தொடக்கம் 2018 வரை வருசத்துக்கு 3.7 மில்லிமீற்றர்ப்படி ஏறினது எண்டு ஐ.நா. காலநிலைக் குழு எழுதியிருக்கு. பத்து வருசத்தில ஒண்டரை அங்குலம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மதகுக்கு ரெண்டு பக்கமும் மட்டம் நாலு அங்குல வித்தியாசத்திலதான் வடியிற இடத்தில ஒண்டரை அங்குலம் எண்டால் சின்னக் கதையில்லை.

2024 டிசம்பர் 9

எது தப்பினது எண்டு கேக்கிறியள். மொட்டைக்கறுப்பன் நிண்டுட்டுது. நுனி வெளியில தெரிஞ்ச இடமெல்லாம் பிழைச்சுக்கொண்டுது. ஏ.ரி. 354 பள்ளத் துண்டில அழுகிப் போச்சு. அது உப்பைத்தான் தாங்கும், மூச்சடக்காது. மேட்டில விதைச்ச அதே இனம் பச்சையா நிக்குது. பிந்தி விதைச்ச பாதியில பெரும்பகுதி விதையோடயே அள்ளிக்கொண்டு போட்டுது. முந்தி விதைச்சது அப்ப வேர் பிடிச்சிட்டுது. போன வருசம் இதுக்கு மறுவளம், முந்தி விதைச்சதுதான் காய்ஞ்சது. பாதி பாதியா விதைக்கிறதுக்கு வேற ஞாயம் என்னட்ட இல்லை.

2024 டிசம்பர் 15

இனித்தான் வெளிநாட்டில இருக்கிற காணிக்காரருக்குக் கோவம் வாற பகுதி.

நான் கிணத்தை எவ்வளவு பக்குவமா இறைச்சாலும், எங்கட ஒழுங்கையில பாதிக் காணி ஆளில்லாக் காணி. 1990, 91 இடப்பெயர்வோட போனவை. உரித்து பிள்ளையள் பேரப்பிள்ளையளுக்கு எண்டு பிரிஞ்சு, கனடாவில ரெண்டு பேர், பிரான்சில ஒருத்தர், கொழும்பில ஒருத்தர். வரம்பு உடைஞ்சு கிடக்கு. மழை பெய்தால் அந்தக் காணியில ஒரு மணித்தியாலம் நிக்காமல் ஒழுங்கைக்கு இறங்கி, ஒழுங்கையால கடலுக்கு ஓடும். முந்தி அந்தத் தண்ணி வரம்புக்குள்ள நிண்டு ஊறி இறங்கும். அதுதான் என்ர கிணத்துக்கும் வந்தது. வேலி மேலதான் இருக்கு, கீழ எல்லாருக்கும் ஒரே தண்ணி. உங்கட ஆறு பரப்பில நீங்கள் என்ன தொழில்நுட்பம் பூட்டினாலும், பக்கத்து அறுபது பரப்பில மழை நிக்காட்டி உங்கட கிணறு சவர்தான்.

குளமும் அப்பிடித்தான். சின்னச் சின்னக் குளம், கேணி, தரவைக்குள்ள, மாடு மேயிற வெளிக்குள்ள, மடு எண்டு தீவெல்லாம் எத்தினை கிடக்கு. அதில இருந்து நேரடியாப் பாய்ச்சிறது குறைவு. பங்குனியில வத்திப் போற குளத்தால என்ன பிரயோசனம் எண்டு கேப்பினம். வத்தின தண்ணியில ஒரு பங்கு வெயில் குடிச்சது, மிச்சம் நிலத்துக்குள்ள போனது. குளத்தடிக் கிணறுகளை நக்கிப் பாத்தால் தெரியும்.

ஆனால் குளம் திருத்திறம் எண்டு வெளிக்கிடுறவையும் கவனம். ஒரு இடத்தில வெளிநாட்டுக் காசில பெக்கோ எண்ட மண் வெட்டுற மிசின் பிடிச்சு, ஆழமாக்கினால் தண்ணி கூட நிக்கும் எண்டு வெட்டினவை. அடியில கிடந்த களிமண் படையையும் சேத்து வழிச்சு எடுத்துப்போட்டினம். கீழ வெள்ளைக் கல்லு. அந்த மாரி நிரம்பின தண்ணி தைப்பொங்கலுக்கு முதலே இறங்கிட்டுது, கோடையில அடியில ஊறினது உவர். வண்டலை மட்டும் எடுக்க வேணும், களியில கை வைக்கக் கூடாது. அகலமாக்கலாம், கட்டை உயர்த்தலாம். ஆழமாக்கிறது ஆகக் கடைசி. எடுத்த வண்டலைத் தோட்டத்துக்குப் போட்டால் அது வேற லாபம்.

செலவு எண்டு பாத்தால் இது ஒண்டும் கோபுரம் கட்டிற காசில்லை. ஊர்க் கோயில் கோபுரம் எல்லாம் வருசா வருசம் ஒரு தட்டு உயருது. கோயில் கேணியைத் தூர் வார ஆள் இல்லை. முருகனுக்கும் தீர்த்தமாட நல்ல தண்ணி வேணும்தானே.

2024 டிசம்பர் 16

கோவிச்சவைக்கு: நான் கோயிலுக்கு எதிரி இல்லை. திருவிழாவுக்கு வாற நேரம் உங்கட காணி வரம்பை ஒருக்கா நடந்து பாருங்கோ எண்டுதான் சொன்னன். வரம்பு கட்ட அயலவனுக்கு எழுத்தில அனுமதி குடுத்தாலே போதும். காணி பறிபோகும் எண்ட பயம் விளங்குது. கட்டினவனுக்கு உரித்து வராத மாதிரி எழுதலாம், காணி உறுதி எழுதிற பிரசித்த நொத்தாரிசிட்டக் கேளுங்கோ.

2025 ஜனவரி 11

நியூசிலாந்தில இருந்து ஒரு அக்கா, பசிபிக் தீவுகளில இதே பிரச்சினை எண்டு எழுதியிருக்கிறா. ஓம், எங்களை விட மோசம். கிரிபாட்டி, துவாலு எல்லாம் பவளத் தீவுகள், அகலம் குறைவு, ஆகவே நல்ல தண்ணிப் படையும் மெல்லிசு. அவை நிலத்தடித் தண்ணி தொடும் வரைக்கும் குழி வெட்டி, அதுக்குள்ள சதுப்புச் சேம்பு நடுறவை. கிரிபாட்டியில பபாய், துவாலுவில புலாக்கா. கிழங்கைச் சுத்திக் கூடை மாதிரிப் பின்னி, அதுக்குள்ள இலை குழையைப் போட்டு உக்க விடுவினம். கடல் ஒருக்கா மேவினால் குழி உப்பாகும், திரும்ப நல்லாக வருசக்கணக்கு. 2015இல பாம் புயலோட துவாலுவின்ர சில தீவுகளில அப்பிடித்தான் நடந்தது. இப்ப தலைநகர்த் தீவில தாய்வான்காரரின்ர உதவியோட கூட்டெருவாலேயே மண் செய்து மரக்கறி வளக்கினம்.

எங்களிட்டயும் அதுக்குச் சரிக்குச் சரியா ஒரு பழக்கம் இருந்தது. பனையோலை தாட்டல். பழைய வேலி ஓலை, கூரை ஓலை எல்லாத்தையும் கிடங்கு வெட்டிப் புகையிலைத் தறைக்குள்ள தாட்டு விடுறது. ஓலை மெதுவா உக்கும், ரெண்டு மூண்டு வருசம் ஈரம் பிடிச்சு வைச்சிருக்கும். 2021இல அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியா நிப்பாட்டினது, ஞாபகம் இருக்கும். அந்த ஆறேழு மாதத்தில ஓலை தாட்ட இடத்தில மட்டும்தான் என்ர பயிர் பயிர் மாதிரி நிண்டது. உரம் திரும்ப வந்த உடன எல்லாரும் மறந்திட்டம். போன கோடையில திரும்பவும் ஓலை தாட்டு விடத் தொடங்கியிருக்கிறன். கிடங்கு வெட்டக் கூலிக்கு ஆள் பிடிக்கிறதுதான் பாடு. கூரைக்கு ஓட்டுக்கும் தகரத்துக்கும் மாறின பிறகு ஓலையும் சும்மா வாறேல்லை.

2025 ஜனவரி 12

பனை எண்டதும் நாலு பேர் பனம்பாட்டுப் பாடத் தொடங்கிட்டினம். பனை உப்புக்கும் வறட்சிக்கும் தாங்கும், எனக்கும் தெரியும். விதைச்சுப் பயன் எடுக்கப் பன்னிரண்டு, பதினைஞ்சு வருசம் போகும். எழுபது வயசுக்காரனிட்டப் போய் வடலி, இளம் பனை, வளர் எண்டால் வளப்பான், பேரனுக்காக. பேரன் கனடாவில. கெதியாக் காசு வேணும் எண்டால் பனங்கிழங்குப் பாத்தி போடுங்கோ, நாலு மாதத்தில கிண்டலாம். பாத்திக்கு மாரி ஈரமே போதும், கிணத்தில கை வைக்கத் தேவையில்லை.

கடலட்டைப் பண்ணை போட்டால் என்ன எண்டு கேட்டவர், அதுக்கு வேற இழை தொடங்குங்கோ. இஞ்ச தொடங்கினால் அடிபாடுதான்.

2025 பெப்ரவரி 9

அறுவடை முடிஞ்சுது. தையிலயும் நடுவில மழை வந்து, விழுந்த கதிரில கொஞ்சம் முளைச்சுப் போச்சு. வெட்டு மிசின் பள்ளக் காணிக்குள்ள இறங்கேல்லை, புதைஞ்சு போகும் எண்டு. கையால அரிவு வெட்டினம். வருசத்துக்கு வருசம் இனி இந்த அரிவாள்காரர் கிடைப்பினமோ எண்டது மழையை விடப் பெரிய கேள்வி எனக்கு.

நல்ல செய்தி ஒண்டு. ஒழுங்கையில ரெண்டு ஆளில்லாக் காணிக்கு வரம்பு கட்ட அனுமதிக் கடிதம் வந்திருக்கு. ஒண்டு பாரிசில இருந்து, ஒண்டு இந்த இழையை வாசிச்ச ஒருத்தரிட்ட இருந்து. பங்குனியில மண் இளக்கமா இருக்கேக்க வேலை தொடங்குறம். கிணத்தில வித்தியாசம் தெரியுமோ எண்டு அடுத்த ஆடியில கொட்டில் கதவைப் பாத்துச் சொல்லுறன். தெரியாமலும் போகலாம், ரெண்டு வரம்பு ஒரு தீவுக்குக் காணாது.

2025 பெப்ரவரி 16

மொட்டைக்கறுப்பன் விதை கேட்டவைக்கு: வெள்ளத்தில தப்பின துண்டில இருந்து விதைக்கெண்டு புறம்பா எடுத்துக் காய விட்டிருக்கிறன். வீசி விதைக்கிறதெண்டால் ஏக்கருக்கு ரெண்டு புசல் காணும். முளைக்காமல் போனால் திருப்பி விதைக்க இன்னொரு புசலை வீட்டில வைச்சிருங்கோ. ஆளுக்கு ஒரு ஏக்கருக்கு மேல தரேலாது. காசு வேண்டாம், அடுத்த அறுவடைக்கு அதே அளவு விதையா வேற ஆருக்காவது குடுங்கோ. ஏ.ரி. இனம் என்னட்ட இல்லை, கமநல சேவை நிலையத்தில முந்தியே சொல்லி வையுங்கோ. சாக்கு நீங்கள்தான் கொண்டு வர வேணும். பொலித்தீன் பையோட வாறவைக்கு அளக்கமாட்டன், வேர்த்துப் பூஞ்சணம் பிடிச்சிடும்.